நெருப்பு வைக்கும் பரீட்சை!

திறந்தவெளியில் குளிர் காய ஒரு கணப்பு அமைக்க வேண்டும். படம் வரைவது சுலபம். புகையை அடக்குவதுதான் கஷ்டம்!

கனடா தேசத்தில் வின்னிபெக் என்று ஒரு நகரம் இருக்கிறது. மானிடோபா மாகாணத்தின் தலைநகரம் அது. அங்கே ரெட், அசினிபாயின் என்ற இரண்டு ஆறுகள் ஒன்று கூடுகின்றன. குளிர் காலம் வந்துவிட்டால், இரண்டு ஆறுகளின் மேல்பரப்பும் கல்லைப் போல் உறைந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை குளிர் இறங்கும் நாட்களும் உண்டு.

அதற்காக அந்த ஊர் ஜனங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. அடியில் இரும்புத் தகடு பொருத்திய பூட்ஸ்களை மாட்டிக்கொள்கிறார்கள். உறைந்த ஆற்றின்மீது வழுக்கிக்கொண்டு போகிறார்கள். சிறுவர்கள், பெரியவர்கள், பாட்டன் பாட்டிமார்கூட இதில் கலந்துகொள்வார்கள்.

ஆனால் பாதி வழியில் கை விரல் விறைத்துப் போனால் எங்கே ஒதுங்குவது?

இதற்கு வழி காண 2010-ம் ஆண்டில் ஒரு போட்டி தொடங்கியது. உறைந்த ஆற்றின்மேல் வரிசையாகக் குளிர் காயும் குடிசைகள் அமைக்க வேண்டும். பல நாட்டுக் கட்டிடக் கலைஞர்கள் படம் வரைந்து அனுப்பினார்கள். உலகப் புகழ் பெற்ற பிராங்க் கேரி என்ற கட்டிடக் கலைஞர், 2012-ம் ஆண்டில் பனிக்கட்டிகளை அடுக்கியே ஒரு குடிசைக்கு வடிவம் கொடுத்தார். இந்த மேதைகளுக்குப் பக்கத்திலேயே மானிடோபா பல்கலைக்கழகத்தின் கட்டிடக் கலை மாணவர்களும் தங்கள் குடிசைகளை எழுப்பினார்கள்.

கட்டிடக் கலை படிக்கும் மாணவ-மாணவிகளுக்கு இதைப் போன்ற போட்டிகள் வைப்பது குளிர் தேசங்களில் வழக்கம். 'திறந்தவெளியில் ஒரு கணப்பு அமைத்துக் காட்டு' என்பதும் அப்படிக் கொடுக்கக்கூடிய ஒரு பாடந்தான்.

கணப்பு என்றால் என்ன?

சமையலுக்கு எரிப்பது அடுப்பு. குளிர் காய்வதற்கு எரிப்பது கணப்பு. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் தெரு ஓரத்தில் சருகைக் குவித்துக் கொளுத்திக் குளிர் காய்வார்கள் அல்லவா? குளிர் தேசத்தில் அந்த நெருப்புக்கே செங்கல்லாலோ இரும்பாலோ ஒரு நிரந்தரமான இடம் கட்டிவிடுகிறார்கள்.

பார்த்தால் சின்ன வேலைதான். ஆனால் வீடு கட்டுவதற்கு வேண்டிய அத்தனை அறிவும் இதற்கும் வேண்டும். அஸ்திவாரம் வேண்டும். சுவர் வேண்டும். காற்று வரவும் புகை போகவும் வழி வேண்டும். மனிதர்கள் உட்கார இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டி முடித்தவுடன் நெருப்பு மூட்டிப் பார்க்கலாம். வடிவமைப்பு சரியா, தவறா என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்!

நடுவர்கள் தாட்சணியம் பார்க்கலாம். நெருப்பு பார்க்காது.

வானத்தைச் சூடாக்க முடியுமா?

முதல் கேள்வி, சூடு எங்கே போகிறது என்பது. வீட்டு அறைக்குள் கணப்பு எரிந்தால் சுவர் சூடாகும், தரை சூடாகும், நாற்காலியும் சூடாகும். கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் வெதுவெதுப்பாகிவிடும்.

வெளியே அப்படி இல்லை. சூடான காற்று லேசானது. அது நேரே வானத்துக்குப் போய்விடும். அதைத் தடுத்து நிறுத்தக் கூரை இல்லை. எவ்வளவு விறகு போட்டாலும் வானத்தைச் சூடாக்க முடியுமா? ஆகவே திறந்தவெளியில் மனிதனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நெருப்பிலிருந்து நேராக வீசும் அனல் மட்டுமே. வெயில் நம் மேல் படுவதைப் போல் அது படுகிறது.

அந்த அனலுக்கு ஒரு கணக்கு உண்டு. சின்ன நெருப்பிலிருந்து 3 அடி தூரத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் 6 அடி தூரத்துக்கு நகர்ந்தால் அனல் பாதியாகக் குறையும் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும்! ஆகவே பெஞ்சை எங்கே போடுவது என்பதைக் கண்ணளவில் தீர்மானிக்கக் கூடாது.

அரசரோடு பழகும் முறையைச் சொல்ல வந்த வள்ளுவர், தீக்காய்பவரையே உவமையாகக் காட்டினார். தள்ளிப் போனால் குளிரும். கிட்டே போனால் சுடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் மாணவனின் முதல் வேலை.

முன்னால் வெயில், பின்னால் பனி

அடுத்த தொல்லை முதுகு! நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தால் முகமும் முழங்காலும் சூடாகும். முதுகோ குளிரில் விறைக்கும். திரும்பி உட்கார்ந்தால் முகம் விறைக்கும்.

மேல்நாட்டுத் தச்சர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உயரமான முதுகு உள்ள நாற்காலி செய்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் சிறகு போல் இரண்டு தடுப்புகள் வைத்தார்கள். அவை பின்னாலிருந்து வரும் குளிர் காற்றைத் தடுக்கும். முன்னாலிருந்து வரும் அனலைத் தேக்கி வைக்கும். 'சிறகு நாற்காலி' என்று அதற்குப் பெயர். இன்று அலங்காரத்துக்காக வாங்குகிறார்கள். அன்று அது குளிருக்குச் செய்த கவசம்.

இந்தப் பழைய யோசனைக்கு 2015-ம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் மறுவாழ்வு கிடைத்தது. இலங்கையிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் நகரம் அது. ஒண்டாரியோ ஏரி அங்கே கடல் போல் பரந்து கிடக்கிறது. கோடையில் ஏரிக் கரையில் கூட்டம் நெரியும். குளிப்பவர்கள் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்ளக் காவலர்கள் உட்காருவதற்கு உயரமான மேடைகள் உண்டு. குளிர் காலத்தில் கரையும் வெறிச்சோடிவிடும்; மேடைகளும் சும்மா நிற்கும்.

அந்த மேடைகளைச் சுற்றி எதையாவது கட்டி ஜனங்களைக் குளிர் காலத்திலும் வெளியே வரவழைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார்கள். முதல் ஆண்டுக்குக் கொடுத்த தலைப்பு, 'கதகதப்பு'. பல தேசங்களிலிருந்தும் படங்கள் வந்தன.

பரிசு பெற்றவற்றில் ஒன்றுக்குச் 'சிறகு நாற்காலி' என்றே பெயர். அமெரிக்காவின் நியூயார்க்கிலிருந்து வந்த படம் அது. ஒருவர் உட்காரும் நாற்காலி அல்ல. பலர் கூடி உட்காரும் இடம். நடுவே உலோகத்தால் ஆன தீக்குழி. முதுகுக்குப் பின்னால் மரத் தடுப்பு. முன்னே அனல், பின்னே காற்றுத் தடுப்பு. பழைய தச்சர்களின் கணக்கை ஊருக்கே பெரிதாக்கிக் காட்டினார்கள்.

மாணவிகள் செய்த மாயம்!

அதே ஆண்டில் அதே கரையில் மாணவர்கள் அமைத்த கூடாரம் ஒன்றும் எழுந்தது. அப்போது ரையர்சன் பல்கலைக்கழகம் என்று பெயர் கொண்டிருந்த கல்வி நிலையத்தின் கட்டிடக் கலை மாணவிகள் அதை வடிவமைத்தார்கள். (2022-ம் ஆண்டில் அந்தப் பெயர் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் என்று மாற்றப்பட்டது.)

அவர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகள் இரண்டு. ஒன்று, பைன் மரத்தில் செதில் செதிலாகக் காய்க்கும் காய். மற்றொன்று, வட துருவப் பகுதி மக்கள் பனிக்கட்டியால் கட்டும் குமிழ் வடிவ வீடு. இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்த கிண்ணம் போல் ஒரு கூடாரம் செய்தார்கள். அதன் செதில்கள் ஒளி புகும் வண்ண அக்ரிலிக் தகடுகள். வெயில் உள்ளே வரும். காற்று உள்ளே வராது.

உள்ளே நெருப்பு இல்லை, விறகு இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் குளிருக்கு ஓர் ஒதுக்கிடம் கிடைத்துவிட்டது!

கணப்பு வரைய உட்காரும் மாணவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. சூட்டை உண்டாக்குவது பாதி வேலைதான். இருக்கிற சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் காப்பது மற்றப் பாதி.

புகைதான் முதல் எதிரி

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. எத்தனை அழகாகக் கட்டினாலும், புகை முகத்தில் அடித்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு அழகை யார் ரசிப்பார்கள்?

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் மாநகரமே இந்தத் தொல்லையால் தவித்தது. வீட்டுக் கணப்புகள் அகலமாகவும் ஆழமாகவும் இருந்தன. சூடு புகைபோக்கி வழியாக வெளியே போயிற்று. புகை அறைக்குள் வந்தது! 1790-களில் ரம்போர்டு பிரபு என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். அமெரிக்காவில் பிறந்த அவருடைய இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன்.

அவர் செய்த மாறுதல்கள் மிகவும் எளிமையானவை. கணப்பின் ஆழத்தைக் குறைத்தார். நேராக நின்ற பக்கச் சுவர்களைச் சாய்வாக விரித்துக் கட்டச் சொன்னார். அதனால் உள்ளே முடங்கிய அனல் அறையை நோக்கித் திரும்பிற்று. புகைபோக்கி தொடங்கும் இடத்தை நாலு அங்குல அளவுக்குக் குறுக்கினார். குறுகிய தொண்டையில் புகை வேகமாக மேலே ஏறிற்று. லண்டன் வீடுகளில் எத்தனையோ பேர் தங்கள் கணப்புகளை இடித்து இந்த முறையில் மாற்றிக்கொண்டார்கள்.

இன்றும் கணப்பு வரைகிறவர்கள் மனதில் வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. புகைபோக்கியின் துவாரம், கணப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். வாய் 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1,080 சதுர அங்குலம். பத்தில் ஒரு பங்கு 108. சதுரமான துவாரம் என்றால் பக்கத்துக்குப் பத்தரை அங்குலம் விட வேண்டும். பார்வைக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று 6 அங்குலக் குழாய் வைத்தால் புகை திரும்பி வந்து பதில் சொல்லும்!

புகைபோக்கியின் உயரமும் முக்கியம். உயரம் கூடக்கூட இழுப்புச் சக்தி கூடும். குட்டையான புகைபோக்கி, காற்று அடிக்கும்போது புகையைக் கீழே தள்ளிவிடும். ஆகவே அந்த இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அதிகமாக வீசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

விறகையும் கவனிக்க வேண்டும். விறகில் உள்ள ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருப்பது நல்லது. ஈர விறகை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும். மிச்சம் கிடைப்பது புகை! அதனால்தான் நல்ல வடிவமைப்பில் விறகு நனையாமல் அடுக்கி வைக்கவும் ஓர் இடம் இருக்கும்.

கல்லும் வெடிக்கும்!

ஆற்றங்கரையில் கிடக்கும் உருண்டைக் கற்கள் பார்க்க அழகாக இருக்கும். அவற்றைக் கொண்டு தீக்குழி கட்டலாமே என்று தோன்றும். அது அபாயம். கல்லின் நுண்ணிய துவாரங்களில் தண்ணீர் தங்கியிருக்கும். கல் சூடானதும் தண்ணீர் ஆவியாகும். வெளியே வர வழி இல்லாவிட்டால் கல் துப்பாக்கிக் குண்டு போல் வெடித்துச் சிதறும்.

சாதாரண கான்கிரீட்டும் கடுஞ்சூட்டில் செதில் செதிலாகத் தெறிக்கக்கூடியது. சிமெண்டுப் பூச்சு நாளடைவில் உதிர்ந்துவிடும். ஆகவே நெருப்புப் படும் உட்புறத்துக்குச் சூளைகளில் பயன்படும் தீச்செங்கல்லும் தீக்களிமண்ணும் வேண்டும். வெளிப்புறத்துக்குச் சாதாரணச் செங்கல் போதும்.

துத்தநாகப் பூச்சுப் பூசிய தகரமும் உதவாது. கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகையாகக் கிளம்பும். வர்ணம் அடித்த பழைய பலகைகளையும், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரத்தையும் எரிக்கவே கூடாது.

2,240 துண்டு மரம்

பணம் அதிகம் இல்லை. கடையில் வாங்க வழி இல்லை. அப்போது என்ன செய்வது? நார்வே தேசத்தின் டிரான்ட்ஹெய்ம் நகரில் இதற்கு ஒரு விடை நிற்கிறது. இது மாணவர் போட்டிக்குச் செய்தது அல்ல. ஆனால் கணப்பு வரைய விரும்பும் மாணவர்கள் பார்த்துப் படிக்க வேண்டிய ஒன்று.

அந்த நகரம் வடக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. நடுக் குளிர் காலத்தில் பகல் வெளிச்சம் ஐந்து மணி நேரங்கூடக் கிடைக்காது. அங்கே உள்ள ஒரு குழந்தைகள் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில், 2009-ம் ஆண்டில் ஹாகன்-சோஹர் என்ற கட்டிடக் கலை நிறுவனம் ஒரு கணப்புக் குடிசை கட்டிற்று. குழந்தைகள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கலாம்; விளையாடலாம்.

கையில் இருந்த பணமோ கொஞ்சம். பக்கத்தில் ஒரு கட்டிட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே மிஞ்சிய மரத் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் குட்டைத் துண்டுகள். நீளமான உத்தரம் ஒன்றுகூட இல்லை. 'இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்று அவர்கள் மலைக்கவில்லை. குட்டைத் துண்டுகளை வட்டமாக அடுக்கினார்கள். ஒரு வட்டத்துக்கு 28 துண்டு. அதன்மேல் இன்னொரு வட்டம். இப்படி 80 வட்டங்கள்! பெருக்கிப் பார்த்தால் 2,240 துண்டுகள் வருகின்றன.

துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கினார்கள். அந்த இடைவெளிகளின் வழியாகக் காற்றும் வெளிச்சமும் உள்ளே வருகின்றன. வட்டங்கள் மேலே போகப்போகக் குறுகி ஒரு பக்கமாகச் சாய்வதால், குடிசையே ஒரு பெரிய புகைபோக்கியாக வேலை செய்கிறது. மழையில் நனைந்த மரமும் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. நார்வே நாட்டுக் குடியானவர்கள் கட்டிய புல்வேய்ந்த பழைய குடிசைகளும் மரக்கட்டை வீடுகளுந்தான் இதற்கு வழிகாட்டி. யாரும் இல்லாத நேரத்தில் பூட்டி வைக்க வளைந்த நகர்கதவும் உண்டு. குழந்தைகள் தனியே உள்ளே போய் நெருப்போடு விளையாட முடியாது அல்லவா?

மூடினால் ஆபத்து

குளிர் அதிகமாக இருக்கிறதே என்று சில மாணவர்கள் கணப்பைச் சுற்றி நாலு பக்கமும் மூடிவிட நினைப்பார்கள். இங்கேதான் உயிருக்கே அபாயம் இருக்கிறது.

காற்று போதாமல் எரியும் விறகிலிருந்தும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலை சுற்றும், தூக்கம் வரும், தூங்கியவர் எழுந்திருக்கமாட்டார். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களுக்குப் போகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. கனல் உள்ள கரிச்சட்டியை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

தூரத்துக்கும் விதி உண்டு. அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் தீ விதித் தொகுப்பில், திறந்தவெளியில் மூட்டும் நெருப்பு கட்டிடத்திலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நகர்த்தி வைக்கக்கூடிய கணப்புக்கு 15 அடி. பொறி பறக்காமல் இருக்கக் கம்பி வலை வேண்டும். தவழும் குழந்தை விழாதபடி விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். அணைந்ததாகத் தெரியும் சாம்பலுக்குள் மறுநாள்கூடக் கங்கு உயிரோடு இருக்கும். ஆகவே சாம்பலைக் கொட்டி வைக்க மூடியோடு கூடிய இரும்புத் தொட்டியும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான்.

இந்த விவரங்கள் எல்லாம் படத்தில் அழகாகத் தெரியாது. பரிசுப் பத்திரத்தில் இவற்றைப் புகழ்ந்து எழுதவும் மாட்டார்கள். ஆனால் ஒரு குழந்தையின் கை சுடாமல் இருப்பது இவற்றால்தான்.

எது நல்ல கணப்பு?

மின்சாரமும் காஸும் வந்த பிறகு, வீட்டுக்குள் குளிர் காய நெருப்பு மூட்ட வேண்டிய அவசியம் குளிர் தேசத்துக்காரர்களுக்கே குறைந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் அறை சூடாகிவிடும். பிறகு எதற்கு வெளியே போய் விறகு எரிக்க வேண்டும்?

பொத்தானை அழுத்தியவர் அறையில் தனியாக இருக்கிறார். கணப்பைச் சுற்றி உட்காருகிறவர் தனியாக இருப்பதில்லை. முன்பின் தெரியாத இருவர் ஒரே நெருப்புக்கு நேரே கை நீட்டினால், ஐந்து நிமிடத்தில் பேச்சு தொடங்கிவிடும். பனி மாதம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவர்களுக்கு அந்தப் பேச்சு பெரிய மருந்து.

அதனால்தான் ஊர்கள் இதற்குப் பணம் செலவழிக்கின்றன. கல்லூரிகள் மாணவர்களுக்கு இதைப் பாடமாகக் கொடுக்கின்றன. புகை அடிக்காமல், கை சுடாமல், முதுகு குளிராமல் பத்துப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அது நல்ல கணப்பு. போட்டியில் அதற்குப் பரிசு கிடைக்காமல் போனாலும் போகட்டும். நெருப்பு வைத்த பரீட்சையில் அது தேறிவிட்டது!